பாயிரமும் பில்டப்பும்

எவ்வளவு விரிந்த நூலாக இருந்தாலும் முன்னால் பாயிரம் இல்லாவிட்டால் அதை நூலென்று ஏற்பதற்கில்லை என்பது நன்னூலார் கொள்கை. பள்ளிக்கூடத்தில் இதை மனப்பாடம் செய்து, பரீட்சை எழுதி, அன்றைக்கே மறந்தவர்கள் நம்மில் அநேகர். அடியேன் பள்ளிப் படிப்போடு நின்று, பெங்களூர் சிக்பேட்டைக்கு வந்து, ஆரணிப் பட்டு வியாபாரத்தில் இறங்கியவன். கடை சாத்திய பிறகு படித்ததுதான் என் படிப்பு. நன்னூலைச் செய்த பவணந்தி முனிவர் எங்கள் சமண சமயத்தவர் என்ற அபிமானம் எனக்குக் கொஞ்சம் உண்டு. அதைச் செய்யச் சொல்லிக் கேட்ட சீயகங்கன், குவளாலபுரம் என்னும் கோலாருக்குத் தலைவன் என்று பட்டம் சொல்லிக்கொண்ட கங்கர் குலத்தான் என்பதில் இன்னும் கொஞ்சம் அதிகம். மூன்றாம் குலோத்துங்க சோழன் காலத்துச் சங்கதி. அந்தக் கோலார் நமக்கு இரண்டு மணி நேரப் பயணம்தானே!

இந்தக் கட்டுரை பாயிரத்தைப் பற்றியது. நம் வீட்டுப் பிள்ளைகள் காதில் மாட்டிக்கொண்டு கேட்கிற ராப் பாட்டைப் பற்றியதும்கூட. "பவணந்திக்கும் ராப்புக்கும் என்ன சார் சம்பந்தம், மலருக்கு வேற விஷயமே கிடைக்கலையா?" என்று மலர்க்குழு நண்பர் ஒருவர் கேட்டார். சம்பந்தம் இருக்கிறது. ஒரு படைப்பு நம் காதுக்கு வருவதற்கு முன்னால் அதைப் பற்றி யார், எதைச் சொல்லலாம் என்று சட்டம் போட்டவர் பவணந்தி. இன்றைக்கு அந்த வேலையை ஹைப் என்கிறார்கள், பில்டப் என்கிறார்கள். சட்டம் மட்டும் இல்லை.

ராப் என்பது பாட்டுக்கும் பேச்சுக்கும் நடுவே நிற்கிற ஒரு வகை. தாளத்தின் மேல் சொற்களை வேகமாக அடுக்கிச் சொல்வது. நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் 1970களில் கறுப்பின இளைஞர்களிடையே தொடங்கியது. யாப்பு தெரிந்தவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஆங்கில ராப்பில் ஓசை அடியின் கடைசியில் வந்து இயையும். நாம் அதை இயைபுத் தொடை என்போம். தமிழ்ச் செய்யுளில் ஓசை பெரும்பாலும் அடியின் தலையில் இருக்கும்; எதுகை, மோனை. நல்ல தமிழ் ராப்பர் தலையையும் கட்டுவார், வாலையும் கட்டுவார். இரண்டு பக்கமும் கரை போட்ட புடவை மாதிரி.

இப்போது பில்டப்புக்கு வருவோம். ஒரு புதிய ஆல்பம் வருகிறதென்றால் முதலில் ஒரு படம், பிறகு இருபது விநாடித் துணுக்கு, பிறகு 'இன்னும் மூன்று நாள்', 'இன்னும் இரண்டு நாள்' என்று கணக்கு. வெளியான அன்று மாலைக்குள் எத்தனை லட்சம் பேர் பார்த்தார்கள் என்ற எண். இவ்வளவும் காதில் ஏறிய பிறகுதான் பாட்டு ஏறுகிறது. பேரனிடம் "பாட்டு எப்படிப்பா?" என்று கேட்டால் "ட்ரெண்டிங்ல ஒண்ணாவது இருக்கு தாத்தா" என்கிறான். நான் கேட்டது என்ன, அவன் சொன்னது என்ன!

இது ஏதோ இந்தக் காலத்துப் பிள்ளைகளின் குறை என்று யாரும் நினைக்க வேண்டாம். சிலப்பதிகாரத்தில் அரங்கேற்று காதையை எடுத்துப் பாருங்கள். மாதவி அரசன் முன் ஆடுகிறாள், தலைக்கோல் பட்டம் பெறுகிறாள், ஆயிரத்தெட்டுக் கழஞ்சுப் பொன் என்று அவளுக்கு மதிப்பு ஏற்படுகிறது. அந்த விலையைச் சொல்லி ஒரு மாலையைக் கூனி ஒருத்தி, பணக்கார இளைஞர்கள் உலவும் தெருவில் கொண்டுபோய் விற்கிறாள். கோவலன் வாங்குகிறான். அவன் அவையில் உட்கார்ந்து ஆட்டத்தைப் பார்த்ததாகக் காதையில் எங்கும் இல்லை. அவன் கேட்டது விலையை. வணிகர் குலத்துப் பிள்ளை, சரக்கைப் பார்க்காமல் வாங்கியிருக்கிறான்! எங்கள் தொழிலில் இதைச் செய்தால் முதலாளி முதல் நாளே ஊருக்கு அனுப்பிவிடுவார்.

ஆனால் கடைக்கு வருகிறவர்கள் அப்படித்தான் வாங்குகிறார்கள் என்பதும் எனக்குத் தெரியும். 1980களில் நதியா பெயரில் கம்மல், வளையல், கிளிப் எல்லாம் விற்றன அல்லவா? புடவைக்கும் அது உண்டு. இன்ன படத்தில் இன்னார் கட்டியது என்று ஒரு சொல் சொல்லிவிட்டால், விரல் துணியைத் தொடுவதற்கு முன்னாலேயே முகம் மலர்ந்துவிடும். அதே தறியில் அதே நெசவாளி நெய்த இன்னொரு புடவை பக்கத்திலேயே கிடக்கும், ஒருவரும் பிரித்துப் பார்க்க மாட்டார்கள். ஆகவே பட்டை டியூப்லைட்டில் பார்க்காதே, வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் பிரித்துப் பார் என்று என் மாமா எனக்குச் சொல்லிக்கொடுத்தார். கடைக்குள் இருக்கிற வெளிச்சம் கடைக்காரன் போட்ட வெளிச்சம்.

இதை ஆராய்ச்சியாகவே செய்து பார்த்திருக்கிறார்கள். மேத்யூ சால்கனிக், பீட்டர் டாட்ஸ், டங்கன் வாட்ஸ் என்ற மூவர் 2006இல் 'சயின்ஸ்' இதழில் வெளியிட்டது. பேர் தெரியாத இசைக்குழுக்களின் 48 பாட்டுகளை எடுத்துக்கொண்டு, பதினாலாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை இணையம் வழியாகக் கேட்க வைத்தார்கள். ஒரு கூட்டத்துக்குப் பாட்டின் பெயரும் குழுவின் பெயரும் மட்டும் தெரியும். மற்றவர்களை எட்டுத் தனித்தனி உலகங்களாகப் பிரித்து, அந்தந்த உலகத்தில் எந்தப் பாட்டை எத்தனை பேர் இறக்கிக்கொண்டார்கள் என்ற எண்ணையும் காட்டினார்கள். எண் தெரிந்த இடங்களில் முன்னே போன பாட்டு மேலும் முன்னே போயிற்று, பின்தங்கியது மேலும் பின்தங்கியது. அதைவிட வேடிக்கை, ஒரு உலகத்தில் கொடிகட்டிய பாட்டு இன்னொரு உலகத்தில் கேட்பாரற்றுக் கிடந்தது. மிக நல்ல பாட்டு அடியோடு விழுந்ததும் அபூர்வம், மிக மோசமான பாட்டு உச்சிக்குப் போனதும் அபூர்வம். நடுவில் இருக்கிறவைதான் எப்படி வேண்டுமானாலும் ஆயின. இதைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. சிக்பேட்டையில் எந்தக் கணக்குப்பிள்ளையைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார். முதல் தரமும் கழிவும் தன் பாட்டைத் தானே பார்த்துக்கொள்ளும், நடுத்தரச் சரக்குக்குத்தான் பேச்சு வேண்டும்.

சரி, நம் தமிழ் ராப்புக்கு வருகிறேன். மலேசியத் தமிழ்ப் பிள்ளைகளான யோகி பி - நட்சத்ரா குழுவினரின் 'வல்லவன்' 2006இல் வந்தது. எங்கள் கடைப் பையன் ஒருவன் கைபேசியிலிருந்து கைபேசிக்கு மாற்றிக்கொண்டு கேட்டான். அவனுக்கு அது யார் பாடியது, எந்த நாடு என்று ஒன்றும் தெரியாது. "மலேசியாக்காரங்க தமிழ் ராப் பாடுறாங்க, இளையராஜா பாட்டை மாத்திப் போட்டிருக்காங்க" என்பதற்கு மேல் அவனிடம் செய்தி இல்லை. எண் இல்லை, நாள் கணக்கு இல்லை. பாட்டு பிடித்தது, கேட்டான். அடுத்த வருஷம் 'பொல்லாதவன்' படத்தில் யோகி பி குரல் வந்ததும் "நான் அப்பவே கேட்டேன்" என்று பெருமைப்பட்டுக்கொண்டான். ஆக, வெறும் காதாகக் கேட்டவனுக்கும் பின்னால் ஒரு சான்றிதழ் தேவைப்பட்டது!

2011 நவம்பரில் வந்த 'கொலவெறி' ராப் அல்ல. ஆனால் அதைச் சொல்லாமல் பெங்களூரில் இந்தக் கதையைச் சொல்ல முடியாது. அரைகுறையாக வெளியே கசிந்த பாட்டை நவம்பர் 16ஆம் தேதி முறையாக வெளியிட்டார்கள். பாட்டு உருவான விதத்தைக் காட்டும் படமும் கூட வந்தது. சில வாரங்களில் இந்தியா முழுக்க அதே பேச்சு. இங்கே பழைய ஆட்களுக்கு 1991 டிசம்பர் ஞாபகம் இருக்கும். காவிரிக் கலவரத்துக்குப் பிறகு எங்கள் வரிசையில் தமிழ்ப் பாட்டை வாசலுக்குக் கேட்கும்படி வைத்தவர் இல்லை. யாரும் சொல்லித் தடுக்கவில்லை, கை தானாகவே சத்தத்தைக் குறைத்துவிடும். இருபது வருஷம் கழித்து எதிர்க்கடைக் கன்னடப் பையனும், மேல்மாடி மார்வாடிக் கணக்கரும், தமிழ்ப் பாட்டை உரக்க வைத்துக்கொண்டு பில் போட்டார்கள். அதைச் செய்தது பாட்டின் உயர்வா? இல்லை, எல்லோரும் பாடுகிறார்கள் என்ற சேதி. பில்டப்பை நான் முழுக்கத் திட்டாமல் இருப்பதற்கு இது ஒரு காரணம். (அந்தப் பாட்டை வைத்து எதிர்பார்ப்பு ஏறிய '3' திரைப்படம் 2012 மார்ச்சில் வந்து அந்த அளவுக்கு எடுபடவில்லை. பாட்டுக்குக் கட்டிய பந்தலில் படத்தை உட்கார வைத்தால் என்ன ஆகும்?)

இனி, நான் உண்மையில் பேச நினைத்த இரண்டு படைப்புகள். அரக்கோணத்துக்காரரான அறிவு, 2018 ஜனவரியில் சென்னையில் அரங்கேறிய 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவில் ஒருவர். 2019இல் ஆஃப்ரோ என்ற இசையமைப்பாளரோடு சேர்ந்து 'தெருக்குறள்' என்ற ஆல்பம் வெளியிட்டார். 2021 மார்ச் 7ஆம் தேதி 'என்ஜாயி என்ஜாமி' வெளியானது; பாடியவர்கள் தீ, அறிவு; இசை சந்தோஷ் நாராயணன்; வெளியிட்டது ஏ.ஆர். ரகுமான் ஆதரவோடு தொடங்கிய 'மாஜா'. முன்னது தெரிந்தவர்களுக்கு மட்டும் தெரிந்தது. பின்னது சில மாதங்களுக்குள் பத்துக் கோடிப் பார்வையைத் தாண்டியது.

என்ஜாமியை எங்கள் வீட்டில் கேட்ட விதத்தை அப்படியே எழுதுகிறேன். மகன் குடும்ப வாட்ஸ்அப்பில் அனுப்பி, "எல்லாரும் இதைத்தான் பேசுறாங்க, உடனே பாருங்க" என்று கீழே எழுதியிருந்தான். மருமகள் பார்த்துவிட்டு உடையின் நிறங்களைப் பாராட்டினாள். பேரன் இரண்டாம் முறையே ஆடத் தொடங்கிவிட்டான். சம்பந்தி, "பட்ஜெட் நிறைய ஆயிருக்கும்" என்றார். வந்தவாசிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து என் பெரியக்கா அப்போது வந்திருந்தாள். எண்பதை நெருங்குகிறவள், கண்ணில் புரை, போன் திரை தெரியாது. உள்ளே கட்டிலில் படுத்தபடி காதால் மட்டும் கேட்டவள், "யாருடா செத்துப்போனா?" என்று கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள்.

அக்கா கேட்டதுதான் சரியான கேள்வி. அந்தப் பாட்டின் நடுவே ஒப்பாரி இருக்கிறது. நிலம் இல்லாமல் உழைத்தவர்களின் அழுகை இருக்கிறது. அறிவின் பாட்டி வள்ளியம்மாள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் பாடுபட்டுத் திரும்பியவர். அந்தக் கதையிலிருந்து வந்த பாட்டு அது. 1964இல் லால் பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் போட்ட ஒப்பந்தத்தில் ஐந்தேகால் லட்சம் பேர் இந்தியாவுக்கு என்று எண்ணிப் பிரிக்கப்பட்டார்கள். அப்படித் திரும்பியவர்களில் ஒரு பகுதியினர் நம் கர்நாடகத்திலேயே, சுள்ளியா, புத்தூர்ப் பக்கம் ரப்பர் தோட்டங்களில் குடியமர்த்தப்பட்டார்கள். இதெல்லாம் தெரிந்து கேட்பதும், பத்துக் கோடி என்று தெரிந்து கேட்பதும் ஒன்றா? நீரும் நிலமும் மனிதனுக்கு மட்டும் அல்ல, எல்லா உயிருக்கும் பொது என்று அந்தப் பாட்டில் ஓர் எண்ணம் ஓடுகிறது. எங்கள் சமயத்தார் காலங்காலமாகச் சொல்லிக்கொண்டிருப்பது. ஆனால் எங்கள் வீட்டிலேயே அது யார் காதிலும் விழவில்லை. நிறமும் எண்ணும் முந்திக்கொண்டன. இப்போது கல்யாண வரவேற்பில் அதைப் போட்டு ஆடுகிறார்கள். ஆடட்டும், தாளம் அப்படி. ஒப்பாரிக்கு ஆடுகிறோம் என்று ஒருவருக்காவது தெரிந்தால் நல்லது.

தெருக்குறளின் நிலை நேர்மாறு. அதற்குப் பில்டப்பும் இல்லை, நம் போன்றவர்களிடம் அறிமுகமும் இல்லை. 2022இல் எங்கள் மாதக் கூட்டத்தில் அதிலிருந்து ஒரு பாட்டை ஒன்றும் சொல்லாமல் ஒலிக்கவிட்டேன். பதினைந்து பேர் இருந்தார்கள். பாதிப்பேர் கைபேசியைப் பார்த்தார்கள். ஒருவர், "கத்துறான்யா, தமிழா இது?" என்றார். ஆறு வாரம் கழித்து, கிட்டத்தட்ட அதே ஆட்கள், அதே பாட்டு. இந்தத் தடவை 'என்ஜாயி என்ஜாமி எழுதியவர் பாடியது, மாஸ்டர் படத்து வாத்தி ரெய்டும் இவர்தான்' என்று மட்டும் முன்னால் சொன்னேன். தலைகள் ஆடின. முன்பு கத்துகிறான் என்றவரே, "உச்சரிப்பு சுத்தம், வல்லினம் மெல்லினம் தெளிவா விழுது" என்றார். போன தடவை கேட்ட பாட்டு என்று ஒருவருக்கும் ஞாபகம் இல்லை.

மூன்றாம் முறை வேறு பாட்டு, ஸ்னோலினைப் பற்றியது. 2018 மே 22ஆம் தேதி தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் ஆலைக்கு எதிரான ஊர்வலத்தில் துப்பாக்கிச்சூடு நடந்தது; இறந்தவர்களில் ஸ்னோலின் என்ற பள்ளிப் பருவப் பெண் இருந்தாள்; பாட்டு அவளைப் பற்றியது. இவ்வளவே சொன்னேன். பாடியவர் பெயரைக் கடைசியில்தான் சொன்னேன். அன்றைக்கு ஒருவரும் கைபேசியை எடுக்கவில்லை. பாட்டு முடிந்து சற்று நேரம் ஒருவரும் பேசவும் இல்லை. ஒரு அம்மையார் மட்டும், "இந்தப் பாட்டை எனக்கு அனுப்புங்க சார்" என்றார்.

நான் சொல்ல வந்தது இந்த வேறுபாடுதான். கேட்பவனுக்கு முன்கூட்டிச் சொல்வதே தப்பு, பாட்டு தானே பேச வேண்டும் என்று சில பெரியவர்கள் சொல்கிறார்கள். பூக்கடைக்கு விளம்பரம் எதற்கு என்று பழமொழி வேறு. வாசனை வீசுகிற தூரத்தில் இருக்கிறவர்களுக்கு அது சரி. ஊரை விட்டு வந்துவிட்ட நமக்கு வாசனை எட்டாது. ஒன்றும் சொல்லாமல் வைத்தபோது நம்மவர்கள் கேட்டது கத்தலை. பேர் பெற்றவர் என்று சொன்னபோது கேட்டது பேரை. பொருளைச் சொன்னபோது பாட்டைக் கேட்டார்கள்.

பவணந்தியின் பட்டியலை இப்போது பாருங்கள். நூலுக்கு முன்னால் எட்டுச் செய்தி தெரிய வேண்டும் என்கிறார். செய்தவர் பெயர், எதன் வழியில் வந்தது, எந்த நிலத்தில் வழங்குவது, நூலின் பெயர், எந்த அமைப்பில் கட்டப்பட்டது, எதைப் பற்றியது, யார் கேட்பதற்கு, கேட்டால் என்ன பயன். காலம், அரங்கேறிய களம், காரணம் என்ற மூன்றையும் சேர்த்துக்கொள்வாரும் உண்டு. எத்தனை பேர் வாங்கினார்கள் என்பது இந்தப் பதினொன்றில் எங்கேயும் கிடையாது. புகழ்கிறவர் யார் என்பதற்கும் கட்டுப்பாடு: செய்தவரின் ஆசிரியர், கூடப் படித்தவர், மாணவர், தகுதியுள்ள உரையாசிரியர். அதாவது நூலையும் ஆளையும் உள்ளபடி அறிந்தவர்கள். விற்கிறவனுக்கு அதில் இடம் இல்லை. நானே விற்கிறவன், இருந்தும் சொல்கிறேன்.

எட்டில் முதலாவது செய்தவர் பெயர். பில்டப்பின் ஆபத்து முழுவதும் அங்கேதான் வந்து நின்றது. 2021 ஆகஸ்டில் 'ரோலிங் ஸ்டோன் இந்தியா' இதழின் அட்டையில் தீயும், ஷான் வின்சென்ட் டி பாலும் இருந்தார்கள். என்ஜாமியையும் தெருக்குறளையும் எழுதிய அறிவு இல்லை. இயக்குநர் பா. ரஞ்சித் வெளிப்படையாகக் கேட்ட பிறகு, அறிவின் படத்தோடு தனி அட்டை ஒன்றை இணையத்தில் வெளியிட்டார்கள். 2022 ஜூலை 28ஆம் தேதி சென்னையில் செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அந்தப் பாட்டு மேடையேறியபோதும் அவர் இல்லை. அதன் பிறகு, எழுதியதும் மெட்டுக்கட்டியதும் பாடியதும் தான் என்று அறிவு எழுதினார். சந்தோஷ் நாராயணனும் தீயும் தங்கள் தரப்பை விளக்கினார்கள். 2024 மார்ச்சில், இந்தப் பாட்டிலிருந்து தங்களுக்கு ஒரு காசும் வரவில்லை என்று சந்தோஷ் நாராயணன் சொல்ல, நிறுவனம் அதை மறுத்தது. மெட்டு யாருடையது, பணம் எங்கே என்ற வழக்கில் நான் நுழையவில்லை. அவர்களுக்குள் எல்லோரும் திறமைசாலிகள். ஆனால் கோடிக்கணக்கான பேர் கேட்ட பாட்டில் 'செய்தவர் யார்' என்பதே ஒன்றரை வருஷம் கழித்துச் சண்டை போட்டுச் சொல்ல வேண்டிய சங்கதி ஆயிற்று என்றால், அத்தனை ஆரவாரமும் எதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது? பெயர் தெரியாமல் கேட்ட முதல் கேள்வியில் பாட்டி வள்ளியம்மாளும் சேர்ந்து மறைந்துவிட்டாள். உழைத்தவள் பெயர் ஏட்டில் ஏறாது என்பதுதான் பாட்டின் பொருள், பாட்டுக்கே அது நடந்தது.

தற்புகழ்ச்சியைப் பற்றியும் ஒரு வார்த்தை. ராப்பர்கள் தங்களைத் தாங்களே ஓயாமல் புகழ்ந்துகொள்கிறார்கள், இது நம் பண்பாடா என்று பெரியவர்கள் முகம் சுளிக்கிறார்கள். பவணந்தியும் கற்றவன் தன்னைப் புகழ்ந்துகொள்வது தகாது என்றுதான் சொல்கிறார். சொல்லிவிட்டு நான்கு விலக்குத் தருகிறார். அரசவைக்கு ஓலை விடும்போது, தன் ஆற்றலை அறியாதவர் முன்னால், பேரவையில் வாது வெல்லும்போது, எதிரி தன்னைத் தாழ்த்திப் பேசும்போது. ராப் பிறந்த தெருவை நினைத்துப் பாருங்கள். ஒருவன் இகழ, மற்றவன் பதில் சொல்ல, சுற்றி நிற்கிற கூட்டம் தீர்ப்புச் சொல்கிற போட்டிதானே அது? மூன்றாவது, நான்காவது விலக்கு அப்படியே பொருந்துகிறது. நூற்றாண்டுக் கணக்கில் தாழ்த்திப் பேசப்பட்டவன் மைக்கைப் பிடித்து 'நான் யார் தெரியுமா' என்று தொடங்கினால், நன்னூல்படி அது குற்றமில்லை. பாட்டுக்குள் புலவன் செய்கிற புகழ்ச்சி வேறு, பாட்டுக்கு வெளியே கம்பெனி செய்கிற புகழ்ச்சி வேறு என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும், அவ்வளவே.

நம் ஊர்க்காரர் என்று சொல்லிக்கொள்ளும்படி ஹனுமன்கைண்ட் இருக்கிறார். கேரளத்தில் பிறந்து, அமெரிக்காவில் வளர்ந்து, பெங்களூரில் ராப்பரானவர். அவருடைய 'பிக் டாக்ஸ்' 2024 ஜூலையில் வந்து அமெரிக்கப் பில்போர்டு பட்டியல் வரைக்கும் போயிற்று. மரணக் கிணற்றில் கார் ஓட, அதன் நடுவில் நின்று பாடுகிற படம் அதற்கு. இந்திராநகரிலும் கோரமங்களாவிலும் பல வருஷம் அவர் பாடியதைப் பக்கத்துத் தெருக்காரர்கள் கேட்கவில்லை; வெள்ளைக்காரர்கள் வாயைப் பிளந்து கேட்கிற 'ரியாக்‌ஷன்' படங்களைப் பார்த்த பிறகு கேட்டார்கள். முன்பின் தெரியாத ஒருவனின் புருவம் உயர்வது இப்போது சிறப்புப்பாயிரம் ஆகிவிட்டது. ஆசிரியனும் இல்லை, உரைகாரனும் இல்லை.

அதே 2024இல் அறிவு 'வள்ளியம்மா பேராண்டி' வெளியிட்டார். பாட்டி பெயரைத் தலைப்பிலேயே வைத்துவிட்டார்; பாயிரத்தில் விட்டுப்போனதை ஆசிரியரே நூற்பெயரில் ஏற்றிக்கொண்டது போல. எங்கள் வீட்டில் அதை முதலில் கேட்டவர்கள் எல்லோரும் ஒரே கேள்விதான் கேட்டார்கள், "என்ஜாமி மாதிரி இருக்கா?" பழைய பாட்டின் ஆரவாரமே புதிய பாட்டுக்குப் படுதாவாக வந்து விழுந்தது. என்ஜாமி மாதிரி இல்லை என்று இரண்டு பாட்டோடு மகன் நிறுத்திவிட்டான். எனக்கு அது என்ஜாமியைவிடத் தெருக்குறளுக்கு நெருங்கியது. கோபம் ஆறியிருக்கிறது, குடும்பக் கதை கூடியிருக்கிறது. சில இடங்களில் இசையின் அலங்காரம் சொல்லை மூடுகிறது. அறிவின் பலம் சொல், அதைத் திறந்து வைத்த இடங்களில்தான் ஆல்பம் நிற்கிறது. ஒரே மூச்சில் கேட்காமல் நாளைக்கு இரண்டாக, வெயிலில் பிரித்துப் பார்க்கிற மாதிரி கேட்டால் தெரியும்.

பதினொரு வயதுப் பேத்திக்குத் தமிழ் எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும். பள்ளியில் கன்னடமும் ஆங்கிலமும். அவளுக்குத் தமிழ் வருகிற வழி பாட்டுதான், அதுவும் பில்டப் கொண்டுவந்து சேர்க்கிற பாட்டு. அதனால் அந்தக் கதவை நான் சாத்த மாட்டேன். போன மாதம் பழைய பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் எட்டுக் கோடு போட்டு, அவளுக்குப் பிடித்த என்ஜாமிக்குப் பாயிரம் எழுதச் சொன்னேன். செய்தவர் என்ற இடத்தில் மூன்று பெயர் எழுதி, யோசித்து, நாலாவதாக 'வள்ளியம்மா பாட்டி' என்று சேர்த்தாள். எதைப் பற்றியது என்பதற்கு, பெரிய அத்தை கேட்ட கேள்வியை எழுதட்டுமா என்றாள். எல்லை என்ற இடத்துக்கு வந்ததும் நின்றுவிட்டாள்.

"எல்லைன்னா என்ன தாத்தா?"

தமிழ் வழங்குகிற நிலம் எது என்று பவணந்தி சொன்னதைச் சொன்னேன். கிழக்கே கடல், தெற்கே குமரி, வடக்கே வேங்கடம், மேற்கே குடகு. பள்ளி அட்லஸை எடுத்து வந்தாள். "அப்ப பெங்களூர் உள்ளயா, வெளியயா?" என்று கேட்டுவிட்டு, மடிக்கேரியிலிருந்து திருப்பதிக்கு ஸ்கேலை வைத்துப் பென்சிலால் ஒரு கோடு இழுத்தாள். கோடு பெங்களூர்ப் புள்ளியை உரசிக்கொண்டு, கோலாரின் தலைக்கு மேலாகப் போயிற்று.